மென்று பார்க்கிற அக்கா

எங்கள் எதிர்வீட்டு அக்கா ஆட்டுக்கு இலை போடுவதற்கு முன்னால் தான் ஒரு வாய் தின்று பார்ப்பார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நேப்பியர் புல்லின் குருத்து, மல்பெரி இலை, சர்க்கரைவள்ளிக் கொடியின் நுனி, பழைய குளியல் தொட்டியில் மிதக்கவிட்டு வளர்த்த அசோலா என்று எதுவானாலும் முதலில் அவர் வாய்க்குள் போகும். மெல்லுவார், கொஞ்சம் யோசிப்பார், சக்கையைத் துப்புவார். அதற்குப் பிறகுதான் கூடை கொட்டகைக்குப் போகும்.

நான் மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்தில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இரவு ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்து எங்கள் கடைசித் தெருவுக்குத் திரும்பினால், முதலில் கண்ணில் படுவது அக்காவின் தாடைதான். அசைந்துகொண்டிருக்கும்.

"என்னாக்கா, பசியாறியாச்சா?" என்பேன்.

"இன்னும் இல்ல தம்பி. இதுங்க பசியாறட்டும், அப்புறம் நம்ம கதையைப் பாப்போம்" என்பார், பல்லெல்லாம் பச்சையாக.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது ஜொகூர் பாருவில் மகள் வீட்டில், உயரமான அடுக்குமாடியில் இருக்கிறார். பெயரைப் போட்டால் அடுத்த நிமிடம் போன் வரும். "நான் புல்லு தின்ன கதையை ஊரு பூரா பரப்பிட்டீங்களா?" என்று கேட்பார். கேட்கக்கூடியவர்தான்.

கோடி வீடு என்பதால் அவருக்குப் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் இருந்தது. மற்றவர்கள் அந்த இடத்தில் கார் நிறுத்தக் கூரை போடுவார்கள். அக்கா தீவனம் போட்டார். வேலியே அகத்தியும் மல்பெரியும்தான். அதற்கு உள்ளே நேப்பியர் புல் ஆளுயரத்துக்கு நிற்கும். அடியோடு அறுக்கமாட்டார், நான்கு விரல் கட்டை விட்டுத்தான் அறுப்பார். கோழிகளுக்குத் தனிப் பாத்தி. தண்டுக்கீரையும் கங்கோங் கீரையும் விதைத்து, மேலே பலகைச் சட்டத்தில் கம்பி வலை அடித்துக் கவிழ்த்திருப்பார். கீரை வளர்ந்து வலைக்கு மேலே தலை நீட்டும், கோழி நீட்டிய தலையை மட்டும் கொத்தும். வேரைக் கிளற முடியாது. வலை இல்லாத காலத்தில் ஒரே சாயங்காலத்தில் முழுப் பாத்தியையும் கிளறிப் போட்டுவிட்டு அதே கோழிகள் மண்குளியல் போட்டதாம். "நம்ம ஆளுங்களுக்கு விருந்து வச்சா பந்தியையே பிரிச்சிருவாங்க" என்பார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எனக்குக் கீரை ஆகாது. பச்சை நிறத்தில் எது தட்டுக்கு வந்தாலும் ஓரமாக ஒதுக்கி வைக்கிற ஜாதி. ரசத்தில் மிதக்கும் கொத்தமல்லியைக்கூட விரலால் பிடித்து வெளியே போடுவேன். "உங்க தலையில எதிர்வீட்டு ஆட்டைக் கட்டி வைக்கணும்" என்று என் மனைவி திட்டுவாள். இப்படிப்பட்ட எனக்கு நேர் எதிரே இப்படிப்பட்ட ஒரு பெண்மணி. கடவுளுக்கும் பொழுது போகவேண்டுமே.

ருசி பார்ப்பதற்கு என்றே அக்கா சில விரதங்கள் வைத்திருந்தார். வெற்றிலையை விட்டுவிட்டார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்துப் பழக்கம் அது, விடுவது லேசில்லை. காலையில் காப்பியைத் தொடமாட்டார். வெறும் வாய், வெறும் வயிறு. கொட்டகையில் கடைசி ஆடு வாயை அசைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். "காப்பி குடிச்ச நாக்கு பொய் சொல்லும் தம்பி."

"உங்க நாக்கு என்னா, லேபரட்டரியா?"

"லேபரட்டரியில ரிப்போர்ட் வர ரெண்டு வாரம் ஆவும்லா. ஆட்டுக்கு இப்பவே பசிக்குதே."

அந்த நாக்கு எப்போதும் சரியாகச் சொன்னது என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை புதினா போட்டார். மென்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி, எங்கள் வீட்டுக்கும் ஒரு கட்டு கொடுத்து, "இன்னிக்கு அதுங்களுக்கு ஓட்டல் சாப்பாடு" என்று உற்சாகமாகப் போனார். கோழிகள் சுற்றி வந்து பார்த்தன. ஒன்று கூட வாய் வைக்கவில்லை. சேவல் அதன் மேலேயே நடந்து போனது. அக்காவுக்கு வந்ததே கோபம். "நல்லாத்தானே இருக்கு? என்னா குறைச்சல் இதுல? திமிரு!" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார். அன்று முழுவதும் கோழிகளோடு பேசவில்லை. நிஜமாகவே பேசவில்லை, தவிட்டைக் கொட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வேப்பிலை விஷயம் இதற்கு மாறு. அவருக்கு அது வாயில் வைக்க ஆகாது, ஆட்டுக்கு உயிர். "இதுங்க நாக்கை எங்க கொண்டு போய்க் கழுவுறது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே, தினமும் ஒரு கொத்து மென்றுவிட்டுத்தான் போடுவார்.

வீட்டு விசேஷங்களிலும் இந்தப் பழக்கம் அவரை விட்டதில்லை. மகளுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்தார்கள். தட்டு கைமாறியதுமே, சபை உட்கார்ந்திருக்க, அக்கா ஒரு லட்டை எடுத்துக் கடித்துவிட்டார். கை அது பாட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணை விரித்துப் பார்க்க, அக்கா மென்று முடித்துவிட்டு, "நல்லா இருக்கு. பொண்ணு குடுக்கலாம்" என்றார். சிரிப்பில் கூரை பறந்தது. மாப்பிள்ளை பாவம், தன்னையும் ஒரு கடி கடித்துப் பார்ப்பாரோ என்று பயந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

எனக்கு டெங்கி வந்தபோது நடந்ததைச் சொல்லாமல் அக்காவைச் சொன்னதாகாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. அக்கா பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிந்து, ஒரு டம்ளர் நிறையக் கொண்டு வந்தார். கரும்பச்சை. பார்த்ததுமே எனக்குக் குமட்டியது. என் கட்டிலின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சாற்றில் பாதியைக் கடகடவென்று குடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"ஐயோ அக்கா, உங்களுக்கு எதுக்கு? அவருக்குத்தானே!" என்றாள் என் மனைவி.

"நான் குடிக்காம தம்பிக்கு எப்படிக் குடுக்கிறது?"

பிறகு உடனே கொடுக்கவும் இல்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார். செம்பனை எண்ணெய் விலை, மகளின் மாமியார், கால்வாய் ஓரம் வந்த உடும்பு என்று வெகுநேரம் ஓடியது. எனக்குக் காத்திருப்பதே பெரிய தண்டனையாக இருந்தது. கடைசியில், "ம், இப்ப குடிங்க" என்று நீட்டினார். குடித்தேன். அப்படி ஒரு கசப்பை என் ஜென்மத்தில் கண்டதில்லை. நான் தேறியது அந்தச் சாற்றாலா, ஆஸ்பத்திரியில் ஏற்றிய தண்ணீராலா என்று எனக்குத் தெரியாது. மனைவி அக்கா கட்சி. கசப்பைக் கண்டு நான் ஓடிவிடாமல் இருக்கத்தான் அவர் முதலில் குடித்துக் காட்டினார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கொரோனா எங்கள் தெருவுக்கும் வந்தது. அக்காவுக்குக் கண்டது. கணவர் போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகிப் போய்விட, தனியாக இருந்தவரை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். என் மனைவி வேலி ஓரம் சோறு வைப்பாள், நான் கடைத் தீவனத்தைக் கோழிக்கும் ஆட்டுக்கும் கொட்டுவேன். அக்கா ஜன்னலில் நின்று, "இலை எதுவும் போட்டுராதீங்க தம்பி, நான் வந்து பாத்துக்கிறேன்" என்று அந்த இருமலுக்கு நடுவிலும் சொல்வார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகாமல் எழுந்துவிட்டார்.

எழுந்த சில நாளில் ஒரு காலை. ஷிப்ட் முடிந்து திரும்பினேன். அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் காப்பி.

மோட்டார் சைக்கிள் எஞ்சினை அணைக்காமலே ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டேன். கொட்டகையில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் இன்னும் இலை போடவில்லை. இத்தனை வருடத்தில் அந்த நேரத்தில் அவர் கையில் காப்பிக் கோப்பையை நான் பார்த்ததில்லை.

"என்னாக்கா?"

"ருசி போயிருச்சு தம்பி" என்றார். "காப்பி குடிச்சாலும் சுடுதண்ணி மாதிரிதான் இருக்கு. அதான், எப்ப குடிச்சா என்னா."

எல்லோருக்கும் அப்படித்தான், ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று சொன்னேன். வரவில்லை. மாதங்கள் ஓடின. அக்கா நிலத்தில் கால் வைப்பதை விட்டுவிட்டார். நேப்பியர் புல் முற்றிக் கோலாக நின்றது, கங்கோங் வலைச் சட்டத்தையே தூக்கிக்கொண்டு பூத்தது. அவ்வளவு பச்சைக்கு நடுவில் கோழிகள் கொட்டகைக்குள் அடைபட்டுக் கடைத் தீவனத்தைக் கொத்தின. பக்கத்தில் யாராவது புல் வெட்டினால் போதும், அந்த வாசனைக்கு ஆடுகள் வேலியில் கால் வைத்து நின்று கத்தும். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஒரு நாள் அவரே தெருவைத் தாண்டி வந்து சொன்னார். பொந்தியான் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் பேசிவிட்டாராம். சனிக்கிழமை லோரி வரும். ஆடு, கோழி எல்லாவற்றையும் ஏற்றிவிடப் போகிறார்.

எனக்குக் கோபம் வந்தது. "அலமாக், இதுக்குப் போயா? ஆடு தானே மோந்து பாத்துத் தின்னும்லக்கா. காட்டுல மேயுற ஆட்டுக்கு யாரு ருசி பாக்கிறா?"

அக்கா எங்கள் வாசல் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கும் அது மோந்து பாத்துத்தான் தின்னுச்சு" என்றார்.

கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த புதிதில் நடந்ததாம். மாமியார் ஒரு சினை ஆட்டை இவர் பொறுப்பில் விட்டிருக்கிறார். மழை பெய்துகொண்டே இருந்த ஒரு நாள், தூரம் போகச் சோம்பல்பட்டு, ஆற்றோரம் யாரோ நட்டிருந்த மரவள்ளியில் இலையை ஒடித்து வந்து, வாடவைக்காமல் பச்சையாகவே போட்டுவிட்டார். ஆடு ஆசையாகத் தின்றது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கிக் கீழே விழுந்தது. வயிற்றில் குட்டியோடு போய்விட்டது. மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும் என்றார்.

"அப்புறமா மிச்சம் கிடந்த இலையை வாயில வச்சுப் பாத்தேன். கசந்துச்சு. நம்ம வீட்டு மரவள்ளி அப்படிக் கசக்காது. முன்னாலயே வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல? என் கையை நம்பித்தானே அது வாயைத் திறந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே பேசினார். "இப்ப எனக்கு ஒண்ணும் தெரியலை தம்பி. தெரியாம எப்படிப் போடுறது? வேற யாராச்சும் நல்லா வச்சுப் பாக்கட்டும்."

சனிக்கிழமை லோரி வந்தது.

லோரியை ஓட்டி வந்த வியாபாரி அவசரக்காரர். கோழிகளைக் கூண்டில் அடைத்தாயிற்று. ஆடுகளை ஏற்றப் பலகை சாய்த்தார். முன்னால் நின்ற பெட்டை ஆடு பலகையில் கால் வைக்க மறுத்து, நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் அக்கா பக்கம் திருப்பியது. அக்கா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். அதை மெல்லுகிறார் என்று பட்டபோது எனக்கு மனம் தாங்கவில்லை.

நேரே வேலிக்குப் போனேன். அகத்தியில் ஒரு கொத்தை ஒடித்தேன்.

"நான் மென்னு பாக்கிறேன்க்கா."

லோரிக்காரர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எங்கள் வாசலில் நின்ற என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நிலையிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்களா? ரசத்துல இருந்து கொத்தமல்லியைப் பொறுக்கி வெளிய போடுறவரா?"

"ஆமா. நாக்கு என்னோடது, மத்ததெல்லாம் நீங்க. எப்படி இருக்குன்னு சொல்றேன், போடலாமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க. தினமும் காலையில ஷிப்ட் முடிஞ்சு வர்றேன். காப்பி குடிக்காம வர்றேன், போதுமா?"

அக்கா என்னையே பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. இலையை நான் வாய்க்குக் கொண்டுபோனேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"இருங்க."

கொத்தைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு காம்பிலிருந்த இலைகளைப் பாதியாகக் கிள்ளித் தன் வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். மெதுவாக மென்றார். துப்பவில்லை, விழுங்கினார். பிறகு, மீதிப் பாதியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு சும்மா நின்றார். லோரிக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா அசையவில்லை.

"அக்கா, உங்களுக்குத்தான் ருசி தெரியாதே" என்றேன். "எதுக்கு நீங்க மெல்லுறீங்க?"

"ருசி தெரியாட்டி என்னா, வயிறு இருக்குல்ல?" என்றார். "எனக்கு ஏதாச்சும் ஆவுதான்னு பாக்கணும். அதுக்கப்புறம்தான் உங்களுக்கு."

எனக்குப் பப்பாளிச் சாறு நினைவுக்கு வந்தது. பாதியைக் குடித்துவிட்டு, டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, உடும்புக் கதை சொல்லி நேரம் கடத்திய அக்கா. கட்டிலில் படுத்திருந்த என்னைப் பார்த்துக்கொண்டே, தனக்கு ஏதாவது ஆகிறதா என்று காத்திருந்திருக்கிறார். ருசிக்காக மெல்லுகிறார் என்று இத்தனை வருடம் கேலி பேசியிருக்கிறேனே! அழுகை வந்துவிட்டது. ஆடு, லோரிக்காரர், மனைவி எல்லோர் முன்னாலும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அக்கா என்னை அழவிட்டுவிட்டு, தன் நேரத்துக்குக் காத்திருந்தார். பிறகு உள்ளங்கையைத் திறந்து மீதி இலையை நீட்டினார். வாங்கி வாயில் போட்டேன்.

"எப்படி இருக்கு?"

"கசக்குதுக்கா."

"எப்படிக் கசப்பு? நுனி நாக்குலயா, தொண்டையிலயா? எரியுதா?"

"எரியல. கசக்குது, கொஞ்ச நேரத்துல போயிருது."

"அகத்தின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் அக்கா. லோரிக்காரர் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க தம்பி. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுக் கிளம்புங்க. கோழியை இறக்கி விட்டுருங்க" என்றார். பிறகு மிச்சமிருந்த கொத்தைத் தூக்கிப் பிடித்தார். பெட்டை ஆடு பலகையை விட்டு ஓடி வந்து முன்னங்காலைத் தூக்கி நின்று, அவர் கையிலிருந்தே தின்றது.

மகளோடு போகும்வரை தினமும் காலையில் அந்த வேலியோரம் எங்கள் இருவருக்கும் ஒரே இலைதான். முதல் பாதி அவருக்கு. அவர் நிற்பார், நானும் நிற்பேன், ஆடுகள் கத்தும். ஒரு நாளாவது இரண்டாம் பாதியை அவர் எடுத்துக்கொண்டு முதல் பாதியை எனக்குத் தரட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். "உங்களுக்குப் பொண்டாட்டி இருக்கு தம்பி, வாயை மூடிக்கிட்டு மெல்லுங்க" என்றார்.